தேர்க்கட்டையும் கம்பெனி பிரேக்கும்

சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நெல்லைநாயகம் பிள்ளையைக் கஞ்சன் என்று சொன்னால் ஊரில் இருக்கும் மற்றக் கஞ்சர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களெல்லாம் செலவழிக்க மனமில்லாதவர்கள். பிள்ளை அப்படியில்லை. தாராளமாகவே செலவழிப்பார். ஆனால் கடைக்காரன் சொல்லும் விலை ஒரு பொருளின் உண்மையான விலை இல்லை, உண்மை விலை வேறெங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது, அதைத் தேடிப் பிடிப்பவன்தான் மனிதன் என்று அவர் நம்பினார். ஒருமுறை கடைவாய்ப் பல் வலித்தபோது பாளையங்கோட்டைப் பல் டாக்டர் கேட்ட கூலியைக் காதால் கேட்டுவிட்டு, அப்படியே திரும்பி வந்து, சந்தை மேட்டில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரிடம் பிடுங்கிக்கொண்டார். பக்கத்துப் பல்லும் சேர்ந்து வந்துவிட்டது. வாய் வீங்கி ஒரு வாரம் கஞ்சியாய்க் குடித்தவர், ஒரு கூலிக்கு இரண்டு பல் என்று அதையும் ஆதாயத்தில்தான் சேர்த்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர் கார் வாங்கினார் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்?

அவருக்கு ஒரே மகள், முத்துமீனாள். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்த சங்கரராமன் பிள்ளையின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். முதல்முறை அவள் உண்டாகியிருந்தபோது மாட்டு வண்டியில் பிறந்த வீட்டுக்கு வந்தாள். வந்த சில நாளில் கரு கலைந்துவிட்டது. வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிப் பார்த்தாள். பிள்ளையின் மனைவி சண்முகசுந்தரி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் மகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று சேதி வந்ததும், என் பிள்ளை இனிமேல் மாட்டு வண்டியிலும் ஏறக்கூடாது, மூட்டையோடு மூட்டையாகப் பஸ்ஸிலும் வரக்கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து அவளை அழைத்து வந்தாக வேண்டும். அதனால் என்ன, தென்காசியிலிருந்து ஒரு டாக்ஸி பிடித்து நானே அனுப்பி வைக்கிறேன் என்றார் சம்பந்தி.

சங்கரராமன் பிள்ளை நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நம்மவருக்கு அது சுருக்கென்று தைத்தது. மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரச் சம்பந்தியா டாக்ஸி வைப்பது? சபையில் வைத்து, "எம்பொண்ணை எங்காருலதான் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லும்போது அவரிடம் இருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதிலும் பின் டயரில் மூன்று ஒட்டு.

விருதுநகரில் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு டாக்டரிடம் பச்சைக் கலரில் பழைய சீமைக் கார் ஒன்று எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மைதீன் அதை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டார். பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஐம்பத்தாறு வயதில் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபோது ரத வீதிகளில் இருந்த ஆடுகளுக்கெல்லாம் புதிதாக ஒரு சுறுசுறுப்பு வந்தது.

எல்லாம் சரி, காரை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. மைதீன் ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளே காட்டினார். பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் தேய்ந்து, வெறும் ஆணித் தலைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. சக்கரத்தை அமுக்கிப் பிடிக்கும் வேலை இந்த லைனிங்கினுடையது, இது இல்லாமல் மிதித்தால் இரும்பும் இரும்பும் வழுக்கிக்கொண்டு போகும் என்றார். தான் மாற்றித் தருவதென்றால் லைனிங், கூலி எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய் ஆகும், கம்பெனியிலேயே போட வேண்டும் என்றால் மதுரைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். பிள்ளை வழக்கப்படி இரண்டு விலையையும் கேட்டுவிடுவது என்று மதுரைக்குக் கிளம்பினார். மைதீன்தான் ஓட்டினார், கியரை மாற்றி மாற்றியே நிறுத்திக்கொண்டு.

மதுரைக் கம்பெனியில் கண்ணாடிக் கதவு, மின்விசிறி, கழுத்தில் டை கட்டின மானேஜர். உட்கார்ந்ததும் டீ வந்தது. பிள்ளை டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்; ஓசியில் டீ கொடுக்கிறவன் அதை எதில் சேர்ப்பான் என்று அவருக்குத் தெரியும். நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங், அது உரசிப் பிடிக்கும் டிரம்மைக் கடைந்து கொடுப்பது, கூலி, எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய் என்றார் மானேஜர்.

பிள்ளை, முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் போட்டால் என்ன என்று கேட்டார். முன் சக்கரம் நின்றுவிட்டால் பின் சக்கரம் மட்டும் தனியாக எங்கே போகப் போகிறது என்பது அவர் வாதம். மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளை சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்முகசுந்தரி, கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எண்ணூறு ரூபாய்க்கு வாங்கின காருக்கு இருநூற்று நாற்பது ரூபாய்க்குப் பிரேக் என்று சொன்னால் அவள் உடனே போடச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவள் ஒரு நாளும் விலை பேசத் தெரியாதவள். "பாத்துட்டு, பிரேக்கு பேஷா இருக்குன்னுட்டான்" என்றார். அவள் சரி என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்னதை அவள் இரண்டாவது முறை கேட்டதில்லை.

சரி, அறுபது ரூபாய்க்கு மைதீனிடமாவது போட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஷூவின் மேல் ஒட்டுவதற்குத் தடித்த பட்டை ஒன்றுதானே வேண்டும் என்று யோசித்தார். திருவேங்கடம் ரோட்டில் ஒரு ஜின்னிங் பாக்டரி. அங்கே பருத்தி அரைக்கும் மெஷினில் ஓடி ஓய்ந்த பெல்ட் மூலையில் சுருண்டு கிடந்தது. தாலுகா ஆபீஸ் பழக்கத்தில் பாக்டரி மானேஜர் அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார். அதை வெட்டி ஷூவில் அடித்துக் கொடுக்க மைதீன் முடியவே முடியாது என்றார். பிள்ளை விடவில்லை. தினமும் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம், மைதீன் கேட்ட கூலி நியாயம்தானா என்று விசாரித்தார். நாலாம் நாள் மைதீன் பெல்ட்டை வாங்கி அடித்தே கொடுத்துவிட்டார். ஆனால் இதை யார் செய்தது என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பெல்ட் பிரேக் பிடிக்கத்தான் செய்தது. பிடிக்கும்போதெல்லாம் பால் அடிப்பிடித்த வாசனை வந்தது. பிள்ளைக்கு அந்த வாசனை மணமாக இருந்தது, ஏனென்றால் அது இருநூற்று நாற்பது ரூபாய் மிச்சமான வாசனை. ஒரு மாதத்தில் வாசனை நின்றுவிட்டது. பெல்ட்டும் கரைந்துவிட்டது. பெடலை மிதித்தால் கால் அப்படியே தரை வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. கைப்பிரேக் என்று ஒன்று இருந்தது. இழுத்தால் கார் ஒருமுறை முனகிவிட்டு மேலே போகும்.

இந்த நிலைமையில்தான் ஆடித்தபசு வந்தது.

கோமதி அம்பாளின் தேர் வீதியில் வந்துகொண்டிருந்தது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்பாளைப் பார்த்தது. பிள்ளை சக்கரத்தைப் பார்த்தார். அவர் குடும்பம் தலைமுறையாகக் கோயில் காரியம் பார்த்த குடும்பம். எத்தனையோ தேரோட்டம் பார்த்தவர். ஆனால் அன்றைக்குத்தான் அவர் கண்ணில் அது பட்டது. தேரின் முகப்பில் நின்றவர் துண்டை வீசினார். உடனே கீழே இருந்தவர் ஒரு சரிவான புளியமரக் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினார். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்த தேர், மாடி வீட்டு உயரம், அந்த ஒரு கட்டையில் ஏறி முக்கி முனகி நின்றுவிட்டது. அம்பாள் தேரே கட்டைக்கு நிற்கிறது, இந்தப் பச்சைக் கார் என்ன, தேர்ச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் நின்ற சண்முகசுந்தரி, கணவருக்கு இந்த வயதில் இத்தனை பக்தி வந்ததைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

கட்டை போட்டவர் பெயர் சங்கரசுப்பு. அவர் அப்பாவும் கட்டை போட்டவர். தேர் இல்லாத நாளில் விறகு பிளப்பார். புதுக் கட்டை செதுக்கும்போது பழையது கட்டை போடுகிறவருக்குத்தான் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அதனால் அவரிடம் பழைய கட்டைகள் இருந்தன. பிள்ளை கூப்பிட்டுப் பேசினார். கார் வெளியே போகிற நாளெல்லாம் இரண்டு வேளைச் சாப்பாடும் எட்டணாவும் என்று முடிவாயிற்று. சங்கரசுப்பு இடது பக்கப் படியில் கட்டையோடு நின்றுகொண்டு வர வேண்டும். நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் குதித்து ஓடிச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட வேண்டும்.

சங்கரசுப்புக்கும் சில நிபந்தனைகள் இருந்தன. கட்டையைப் போடுவதற்கு முன்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். துண்டு வீசி உத்தரவு கொடுக்காமல் கட்டை போட மாட்டார்.

"உத்தரவு இல்லாமக் கட்டை போட்டா அம்பாளை மறிச்ச பாவம் வந்து சேரும், அண்ணாச்சி."

இது கார்தானே, அம்பாள் எங்கே இருக்கிறாள் என்று பிள்ளை கேட்டுப் பார்த்தார். கட்டைக்கு அது தெரியாதே என்றார் சங்கரசுப்பு.

ஸ்டியரிங் வலது பக்கம், சங்கரசுப்பு இடது பக்கம். துண்டை யார் வீசுவது? சண்முகசுந்தரியை முன் சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்து, கையில் ஒரு சிவப்புக் கரைத் துண்டைக் கொடுத்தார். நான் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே வீசு என்றார். பிரேக் பேஷாக இருக்கும்போது கட்டை எதற்கு என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. "அடிக்கடி மிதிச்சாத் தேஞ்சு போகும்லா? அவசரத்துக்குன்னு பிரேக்கு இருக்கட்டும். அம்பாள் தேர்க்கட்டை கூட வாரது நமக்கும் ஒரு காவலு" என்றார் பிள்ளை.

அவளுக்கு இதைவிட விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் வெள்ளி டம்ளர் பெட்டியில் இருந்தது, குடிப்பது பித்தளையில். அவள் கல்யாணப் பட்டு மூன்று முறைதான் வெளியே வந்திருக்கிறது. பிரேக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள். கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

அதன் பிறகு சங்கரன்கோவில் பார்த்த காட்சியை வேறெந்த ஊரும் பார்த்திருக்காது. பச்சைக் கார் மெதுவாக வரும். காருக்குள் ஓர் அம்மாள் துண்டை வீசுவாள். படியில் இருந்து ஒருவர் குதித்து, நிதானமாகத் தரையைத் தொட்டுக் கும்பிட்டு, காருக்கு முன்னால் ஓடப் பார்ப்பார். அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் கார் அவரைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே காரைத் துரத்திக்கொண்டு ஓடிக் கட்டையைப் போடுவார். கார் கட்டையில் ஏறி, குலுங்கி, ஒரு விக்கல் விக்கி நிற்கும். எந்தக் கடைக்குப் போக வேண்டுமோ அதற்கு நான்கு கடை முன்பே துண்டு வீச வேண்டும் என்பது பிள்ளைக்குப் பழக்கமாகிவிட்டது. பஜாரில் பெரியவர்கள் சிலர் காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகவும் பேச்சு உண்டு. சங்கரசுப்பு இரண்டு வேளையும் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்தால் மைதீனின் அறுபது ரூபாய் எப்போதோ கரைந்திருக்கும். பிள்ளை அந்தக் கணக்கைப் போடவில்லை. சோறு வீட்டில் வடிக்கிற சோறுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் மேலநீலிதநல்லூருக்கு ஒரு துக்கம் கேட்கப் போனார்கள். திரும்பும்போது ஒரு குளத்துக்கரை இறக்கம். முன்னால் வைக்கோல் வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. பிள்ளை சொன்னார், சண்முகசுந்தரி துண்டை வீசினாள், சங்கரசுப்பு குதித்துக் கும்பிட்டு ஓடிக் கட்டையைப் போட்டார். இறக்கத்து வேகத்தில் கார் கட்டையின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. பெடலை மிதித்தார். கால் தரையைத் தொட்டது. கைப்பிரேக்கை இழுத்தார். முனகியது. இடது பக்கம் குளம், வலது பக்கம் பள்ளம். கார் போய் வண்டியின் வைக்கோல் பாரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

வண்டிக்காரர் இறங்கி வந்து, கார் எவ்வளவு தின்னும் என்று விசாரித்தார்.

பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் விழுந்த வைக்கோலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. பயந்துவிட்டாயா என்று கேட்டார்.

"நான் எதுக்குப் பயப்படுதேன்? அவசரம்னா உங்க கம்பெனிப் பிரேக்கு இருக்குல்லா. வைக்கோல்தானன்னு நீங்க அதை மிதிக்கல போல."

பிள்ளை இறங்கிப் போய்க் காரின் முகத்திலிருந்த வைக்கோலை உதறினார். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மைதீனிடம் போய்விடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் விடிந்தபோது சாப்பாடும் இறங்கியது, முடிவும் மாறியது. ஒன்றும் ஆகவில்லையே, இனி இறக்கத்தில் இரண்டு கட்டையாகப் போட்டால் போகிறது. அவர் புத்தி அப்படி. பயம் ராத்தங்காது.

ஐப்பசியில் வளைகாப்பு. புளியங்குடியில் சம்பந்தி வீட்டில் நிறைந்த கூட்டம். பச்சைக் கார் துண்டு வீசிக் கட்டை போட்டு வாசலில் வந்து நின்றபோது சங்கரராமன் பிள்ளை காரைச் சுற்றிவந்து பார்த்தார். பிரேக்கெல்லாம் எப்படி என்று கேட்டார். கம்பெனிப் பிரேக் என்று நம்மவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். இந்த மனிதர் கட்டையோடு நிற்கிறாரே என்றதற்கு, அம்பாள் காவல் என்றார். சம்பந்தி கட்டையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

வளையல் அடுக்கி, கலவைச் சாதம் பரிமாறி, நல்ல நேரம் பார்த்து முத்துமீனாளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் தலையணை போட்டிருந்தது. சண்முகசுந்தரி முன் சீட்டில் ஏறி, துண்டை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தாள். பிள்ளை ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். தெரு அங்கிருந்து ரோடு வரைக்கும் நல்ல சரிவு. ரோட்டில் எலுமிச்சை மூட்டை வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பின்னால் கதவு திறந்தது. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முத்துமீனாள் ஏறி உட்கார்ந்தாள். கார் லேசாகத் தாழ்ந்தது. கை நிறைய வளையல்கள் சலசலத்தன. "போலாம்ப்பா" என்றாள்.

அவர் காலைப் பெடலில் வைத்து அழுத்தினார். தரை. எடுத்துவிட்டு இன்னொருமுறை அழுத்தினார். தரைதான். வெளியே சங்கரசுப்பு நல்ல பிள்ளையாகத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"இறங்கு மக்கா" என்றார் பிள்ளை.

அவளுக்குப் புரியவில்லை. எதையோ மறந்துவிட்டாரோ என்று நினைத்தாள். அவர் கீழே இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து மறுபடியும் சொன்னார். அதற்குள் சம்பந்தி வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். நல்ல நேரத்தில் புறப்பட்ட பிள்ளையை யாராவது இறக்குவார்களா, இது என்ன அபசகுனம் என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். முதல்முறை நடந்ததை யாரோ நினைவுபடுத்தினார்கள். சங்கரராமன் பிள்ளை வந்து, என்ன விஷயம் என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் காருக்குப் பிரேக்கு இல்ல."

"கம்பெனிப் பிரேக்குன்னியளே?"

"பொய்" என்றார் பிள்ளை. "விலை கேட்டுட்டு வந்தேன். போடல."

ஊரில் எந்தச் சபையிலும் தலை குனியாத மனிதர், சம்பந்தி வீட்டு வாசலில் அத்தனை பேர் முன்னால் இப்படிச் சொன்னதை நான் பெரிய காரியமாகத்தான் நினைக்கிறேன். அவருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. மகளைக் கைத்தாங்கலாக இறக்கி, அவள் மாமியாரிடம் ஒப்படைத்து, பெருமூச்சு விட்டார். மானம் போனாலும் போகிறது, மகள் பிழைத்தாள் என்று நினைத்தார். பெரிய ஆபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டவர் போல நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

முன் கதவு திறந்தது. சண்முகசுந்தரி துண்டை நான்காக மடித்து சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். அவள் சத்தம் போடவில்லை. மற்றவர்கள் முன்னால் கணவரிடம் நேராகப் பேசிப் பழக்கமில்லாதவள், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தன நாளும் நானும் இதுக்குள்ளதான இருந்தேன்?"

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. குளத்துக்கரையும் வைக்கோல் வண்டியும் ஞாபகம் வந்தன. மகள் ஏறி உட்கார்ந்ததும் ஒரு நொடியில் தெரிந்தது, இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இத்தனை நாளும் ஏன் தெரியவில்லை? அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மகளிடம் சொல்லிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போய்விட்டாள்.

கார் சம்பந்தியின் மண்டியில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவில் நின்றது. மைதீன் வந்து ஷூக்களைக் கழற்றிச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். டிரம்மைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைய வேண்டியதில்லை, இப்போதும் அறுபது ரூபாய்தான், நல்ல லைனிங், நானே பொறுப்பு என்றார். "வேண்டாம்யா. கம்பெனிதான்" என்றார் பிள்ளை. மைதீன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாக்கோடு ரயில் ஏறி மதுரைக்குப் போனார். டிரம்மைக் கடையாமலே விலை இப்போது இருநூற்று அறுபது. சரி என்றார். மானேஜர் பேரம் பேசத் தயாராக இருந்த வாயை மூடிக்கொண்டார். சாயங்காலம் வாருங்கள் என்றார்கள். பிள்ளை போகவில்லை, பின்பக்க முற்றத்தில் நிழலில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் கம்பெனி ஆள் ஒருவன் அவருடைய சாக்கை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகச் சந்துக்குள் போனான். பிள்ளையும் பின்னாலேயே போய்ப் பார்த்தார். சந்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பனியன் போட்ட ஒருவர் மைதீனிடம் இருந்த அதே சிவப்பு டப்பாவிலிருந்து அதே லைனிங்கை எடுத்து, அதே மாதிரி ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையின் வாழ்நாள் முழுக்க அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த தருணம் இது. உண்மை விலை ஒளிந்திருந்த இடம் கண்முன்னால் தகரக் கொட்டகையாக நின்றது. நேரே போய் மானேஜரைக் கழுத்து டையைப் பிடித்துக் கேட்கலாம். ஊருக்குப் போய் இதையே பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவருக்கு உதடு துடித்தது. பிறகு திரும்பி நடந்து, முன்வாசல் வழியாக வந்து, இருநூற்று அறுபது ரூபாயையும் மேஜையில் வைத்து, கம்பெனி முத்திரை போட்ட ரசீது ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரசீதைக் கொண்டுபோய் சண்முகசுந்தரியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. இந்தப் பத்து நாளும் நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, வெந்நீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"மகளுக்குப் போட்ட பிரேக்கு. மக போகட்டும். எனக்கு பஸ் இருக்கு."

மறு முகூர்த்தம் பார்த்துப் புளியங்குடிக்குப் போனார்கள். அவர் முந்தின நாளே போய் மைதீனை வைத்துப் பிரேக்கை மாட்டி, அதே சரிவில் நான்கு முறை இறக்கி நிறுத்திப் பார்த்தார். பெடல் கல் மாதிரி நின்றது. சண்முகசுந்தரி காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகளைத் தலைமாட்டில் ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாகத் தலையணை கொடுத்துக் காரில் உட்கார வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள். சம்பந்தி வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் கிளம்பியது. பிள்ளையும் கிளம்பினார். பஸ் நின்றது, அவரும் பிரேக்கை மிதித்து நின்றார். பஸ் ஒரு கிழவிக்காக நின்றது, இரண்டு ஆட்டுக்குட்டிக்காக நின்றது, டிரைவர் பீடி பற்றவைக்க நின்றது. அத்தனை இடத்திலும் கார் சத்தமில்லாமல் பின்னால் நின்றது.

"முந்திப் போங்களேன்ப்பா" என்றாள் முத்துமீனாள். அவர் தலையை ஆட்டினார், முந்தவில்லை.

பாதி வழியில் ஒரு டீக்கடையில் பஸ் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. சண்முகசுந்தரி இறங்கினாள். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவைத்தார். அவள் ஓர் இளநீரை வெட்டி வாங்கிக்கொண்டு காரிடம் வந்தாள். பின் ஜன்னல் வழியாக மகளிடம் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை நின்றாள். முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பிரேக்கு பிடிக்குதா?"

"பிடிக்கு" என்றார். திறந்துவைத்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்பம் ஏன் இப்படி உருட்டிக்கிட்டு வாரிய? புள்ளைக்கு வேர்க்குது. முந்திப் போங்க."

திறந்திருந்த கதவை அவள் கையாலேயே சாத்தினாள். கண்டக்டர் விசில் ஊதினார், அவள் போய் ஏறிக்கொண்டாள்.

அவர் முந்தவில்லை. அடுத்த நிறுத்தத்திலும் பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தி, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதற்கு அடுத்ததிலும் பார்த்தார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் அவள் இறங்கவில்லை.